‘நம்மவர்’ என்னும் சொல்

தேர்தற் காலம் சொற்களின் பருவமுமாகும். சுவரொட்டியிலும் துண்டுப்பிரசுரத்திலும் ஒலிபெருக்கியிலும் அப்பருவத்தில் உலவும் சொற்கள் இலக்கியத்தோடு சம்பந்தமற்றவை எனத் தள்ளிவிடுவது நம் விமர்சகர்களின் வழக்கம். கவிதை நூலொன்றில் ஓர் உவமை பிழைத்தால் பத்துப் பக்கம் எழுதுகிறோம். பல்லாயிரம் மக்களின் வாழ்வைத் தீர்மானிக்கும் ஒரு சொல் பிழைத்தால் வாளாவிருக்கிறோம். மக்கள் இலக்கியம் பேசுவோர்க்கு இந்த மௌனம் அழகன்று. ஆகவே, புத்தளம் மாவட்டக் கரையோரத்தில் ஒவ்வொரு தேர்தலிலும் காதில் விழும் ஒரு சொல்லை இங்கே ஆராய எண்ணுகிறேன். அச்சொல் ‘நம்மவர்’ என்பது.

‘நம்மவர் ஒருவர் பாராளுமன்றம் போக வேண்டும்’, ‘நம்மவர் வாக்கு நம்மவர்க்கே’ என்ற கோரிக்கைகளில் மதத்தின் பெயர் பெரும்பாலும் வெளிப்படையாக வருவதில்லை, வரவேண்டிய தேவையுமில்லை. அந்த ஒரு சொல்லே அதனைச் சுமந்து செல்கிறது. தமிழிலே தன்மைப் பன்மை இருவகைப்படும். ‘நாங்கள்’ என்றால் கேட்பவன் புறத்தே நிற்கிறான். ‘நாம்’ என்றால் அவனும் உள்ளே வந்துவிடுகிறான். இலக்கணக்காரர் இதனை உளப்பாட்டுத் தன்மைப் பன்மை என்பர். எனவே ‘நம்மவர்’ என்று ஒருவன் சொல்லும்போது, பேசுபவனும் கேட்பவனும் மேடையில் மாலையோடு நிற்கும் அபேட்சகரும் ஒருவரே என்று வாக்குறுதி அளிக்கிறான். உப்பளத்தில் பாளம் வெட்டுபவனும் உப்பள முதலாளியும் ஒருவர்; கரைவலை இழுப்பவனும் வலைக்குச் சொந்தக்காரனாகிய சம்மாட்டியும் ஒருவர்; தோட்டத்தில் தேங்காய் உரிப்பவனும் தோட்டத்தின் உரிமையாளனும் ஒருவர். வேறெந்த மேடையிலும் இவ்வளவு எளிதாக நடைபெறாத சமத்துவம் இந்த ஒரு சொல்லில் நடந்தேறிவிடுகிறது. தேர்தல் முடிந்த மறுநாள் உப்பளத்தில் அது இருக்கிறதா என்பதே நம் கேள்வி.

இந்தக் கரையின் இயல்பை முதலில் மனங்கொள்ள வேண்டும். தெற்கே சிலாபத்துக்கு அருகில் முன்னேஸ்வரம். வடக்கே கற்பிட்டித் தீபகற்பத்தில் தலவில புனித அன்னம்மாள் ஆலயம். இடையே திரௌபதை அம்மனுக்குத் தீமிதிக்கும் உடப்பு. வாவியின் ஓரத்தில் பள்ளிவாசல்கள் நிறைந்த புத்தளம் நகரம். தலவிலத் திருவிழாவிற் கத்தோலிக்கர் மட்டுமா கூடுகின்றனர்? முன்னேஸ்வரத்தின் வாசலிற் சைவர் மட்டுமா கும்பிடுகின்றனர்? சிலாபம், நீர்கொழும்புக் கரையிலே தமிழ் பேசிய கத்தோலிக்கக் குடும்பங்கள் பல, பாடசாலையின் போதனாமொழி மாறியதால், ஓரிரு தலைமுறையிற் சிங்களம் பேசுவோராயின. பாட்டன் ஓர் இனத்தவனாகவும் பேரன் மற்றோர் இனத்தவனாகவும் எண்ணப்படும் வீடுகள் இங்குண்டு. ‘நம்மவர்’ யார் என்பது கடற்கரை மணலில் இழுத்த கோடு போன்றது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டா.

கற்பிட்டி ஈன்ற பெருமகன் ஒருவரை நினைவிற் கொள்வோம். 1807இல் அங்கே பிறந்த சைமன் காசிச்செட்டி ஒரு கிறிஸ்தவர். 1859இல் வெளிவந்த ‘தமிழ் புளூட்டாக்’ மூலம் தமிழ்ப் புலவர்களின் வரலாற்றை ஆங்கிலத்தில் தொகுத்தளித்தவர். 1838இல் அவர் சட்டநிரூபண சபையிலே தமிழருக்கான உறுப்பினராக நியமனம் பெற்றார். சைவரே பெரும்பான்மையினரான ஒரு மக்கட் கூட்டத்தின் பிரதிநிதியாக ஒரு கிறிஸ்தவர் அமர்ந்தார். அது தேசாதிபதியின் நியமனம், மக்களின் தேர்வன்று என்பது உண்மையே. ஆனால் இந்தக் கரையின் அறிவு வாழ்வு மதத்தின் வேலிக்குள் அடங்கியிருந்ததில்லை என்பதற்கு அது நல்ல சாட்சி.

இவ்வளவையும் சொல்லி, ‘மதத்தைப் பார்த்து வாக்களிப்பது அறியாமை’ என்று தீர்ப்பு வழங்கிவிட்டு எழுந்து செல்வது எளிது. நம் முற்போக்காளர் பலர் அதைத்தான் செய்து வந்திருக்கின்றனர். அவ்வாறு செய்வது நேர்மையன்று. ஏனெனில் ‘நம்மவர்’ என்ற சொல்லை அபேட்சகர் கண்டுபிடிக்கவில்லை, அச்சம் கண்டுபிடித்தது. அபேட்சகர் அதனைப் பொறுக்கி எடுத்துக்கொண்டார்.

அந்த அச்சத்தின் வரலாறு இந்த மாவட்டத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. 1976 பெப்ரவரி 2ஆந் தேதி புத்தளம் பெரிய பள்ளிவாசலுக்குள் பொலிஸார் சுட்டதில் 7 பேர் உயிரிழந்தனர். 1990 ஒக்டோபரில் விடுதலைப் புலிகள் வடபுலத்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, ஏறத்தாழ 75,000 பேர் வீடுவாசலை விட்டகன்றனர். அவர்களுட் பெரும்பகுதியினர் தஞ்சம் புகுந்தது புத்தளம் மாவட்டத்தில். 2019 ஏப்ரல் 21ஆந் தேதி, உயிர்த்த ஞாயிறன்று, தேவாலயங்களில் வழிபட்டுக் கொண்டிருந்தோரைக் குண்டுகள் கொன்றன. அக்கொடுமையைச் செய்தோர் சிலர். அதற்குத் தண்டனை அனுபவித்தோர் அதனோடு எவ்விதத் தொடர்பும் இல்லாத பல்லாயிரவர். மே 12ஆந் தேதி சிலாபத்தில் தொடங்கிய வன்முறை குருநாகல், கம்பஹா மாவட்டங்களிலும் பரவியது. மறுநாள் இதே மாவட்டத்துக் கொட்டாரமுல்லையில் ஒரு முஸ்லிம் தொழிலாளி வெட்டிக் கொல்லப்பட்டார். இத்தனைக்கும் பிறகு ஒரு சமூகம், ‘நமக்காகப் பேச நம்மில் ஒருவன் வேண்டும்’ என்று எண்ணினால், அதனை வெறும் வகுப்புவாதம் என்று எந்த நெஞ்சோடு நாம் சொல்வது?

இந்த எண்ணமே 2020 ஆகஸ்ட் 5ஆந் தேதித் தேர்தலில் உருக்கொண்டது. நேரடி வாக்கினால் தெரிவாகும் முஸ்லிம் உறுப்பினர் மூன்று தசாப்தங்களாகப் புத்தளம் மாவட்டத்துக்கு இருக்கவில்லை. போட்டிக் கட்சிகளாகிய ஸ்ரீலங்கா முஸ்லிம் காங்கிரஸும் அகில இலங்கை மக்கள் காங்கிரஸும் இங்கே தம் பகையை ஒதுக்கிவைத்து, முஸ்லிம் தேசியக் கூட்டமைப்பு என்ற பெயரில் ஒரே பட்டியலில் நின்றன. அப்பட்டியலுக்கு ஏறக்குறைய 56,000 வாக்குகள் கிடைத்தன. ஒரு ஆசனம் கிடைத்தது. அலி சப்ரி ரஹீம் பாராளுமன்றம் சென்றார். ‘நம்மவர்’ என்ற சொல் இவ்வளவு தூய வடிவிற் பரிசோதிக்கப்பட்ட சந்தர்ப்பம் வேறில்லை. வேலைத்திட்டம் எது, பொருளாதாரக் கொள்கை எது என்ற வினாக்கள் பின்தள்ளப்பட்டன. ‘ஒருவர் வேண்டும்’ என்பதே வேலைத்திட்டமாயிற்று.

பரிசோதனையின் முடிவுக்கு அதிக காலம் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. 2020 ஒக்டோபர் 22ஆந் தேதி, சனாதிபதியின் கையிலே அதிகாரத்தை மீண்டும் குவிக்கும் 20ஆவது அரசியலமைப்புத் திருத்தம் வாக்கெடுப்புக்கு வந்தது. ஆதரவாக 156, எதிராக 65. எதிரணியிலிருந்து சென்று ஆதரித்தோரில் முஸ்லிம் காங்கிரஸின் உறுப்பினர் நால்வரும், புத்தளத்தின் உறுப்பினரும் அடங்குவர். இரு கட்சிகளின் தலைவர்களும் எதிர்த்து வாக்களித்தார்கள்; உறுப்பினர்கள் ஆதரித்து வாக்களித்தார்கள். ஒரு வீட்டின் முன்கதவு மூடியிருக்க, பின்கதவு திறந்திருந்தது.

அப்போது நாட்டில் என்ன நடந்துகொண்டிருந்தது? கொவிட் நோயால் இறந்தோரைக் கட்டாயமாக எரிக்க வேண்டும் என்ற விதி 2020 ஏப்ரலில் வர்த்தமானியில் வெளியாகியிருந்தது. உலக சுகாதார நிறுவனம் அடக்கஞ் செய்வதையும் அனுமதித்திருந்த வேளையிலே, முஸ்லிம்களின் சடலங்கள் பெற்றோரும் பிள்ளைகளும் கதறக் கதற எரிக்கப்பட்டன. அவ்வாண்டு டிசம்பரில் பிறந்து 20 நாட்களே ஆன குழந்தையும் எரிக்கப்பட்டது. சமூகத்தைக் காக்கவென்று அனுப்பப்பட்ட வாக்குகள், சமூகத்தின் பிணங்களை எரித்துக் கொண்டிருந்த அரசாங்கத்தின் தலைவருக்கே மேலதிக அதிகாரமாகப் போய்ச் சேர்ந்தன. விதி மாற்றப்பட்டது 2021 பெப்ரவரி 25ஆந் தேதியிலே. உள்நாட்டில் மக்கள் வெள்ளைத் துணி கட்டி நடத்திய எதிர்ப்பும், வெளிநாடுகளிலிருந்து வந்த நெருக்குதலும் அதற்கு முன்னே நின்றன. வெள்ளைத் துணி கட்டியோரில் கிறிஸ்தவரும் இந்துக்களும் பௌத்தரும் இருந்தனர் என்பதை நாம் மறத்தலாகாது.

கதை அத்தோடு முடியவில்லை. 2023 மே மாதம் அதே உறுப்பினர் வெளிநாட்டிலிருந்து திரும்பும்போது, அறிவிக்கப்படாத 3 கிலோவுக்கு மேற்பட்ட தங்கத்தோடும் 91 கைத்தொலைபேசிகளோடும் கட்டுநாயக்க விமான நிலையத்திற் பிடிபட்டார். சுங்கத் திணைக்களம் 75 இலட்சம் ரூபா அபராதம் விதித்தது. அப்பொருள்கள் தம்முடையவை அல்ல என்று அவர் கூறினார். அதனை நாம் பதிந்து வைப்போம். ஆனால் அடுத்து அவர் கூறியதையும் பதிய வேண்டும். மறுநாள் பாராளுமன்றத்தில், பொதுப் பயன்பாடுகள் ஆணைக்குழுத் தலைவரை நீக்கும் பிரேரணையில் அவர் அரசாங்கத்துக்கு எதிராக வாக்களித்தார். தமக்கு நேர்ந்த இடரில் ஆட்சியாளர் உதவவில்லை என்பதே காரணம் என்று அவரே பத்திரிகையாளரிடம் சொன்னார். மின்கட்டணம் நாட்டையே வாட்டிய அந்நாளில், அத்துறையைக் கண்காணிக்கும் ஆணைக்குழுவைப் பற்றிய வாக்கு, ஒருவரின் சொந்த மனத்தாங்கலுக்குக் கணக்குத் தீர்க்கும் கருவியாயிற்று. அந்த வாக்கு அவருடையதா? 56,000 மக்கள் தங்கள் அச்சத்தைக் கொட்டி நிரப்பிக் கொடுத்த வாக்கன்றோ அது!

இதனை ஒரு தனிமனிதரின் குணக்கேடு என்று ஒதுக்கினால் நாம் எதையும் கற்றவராகோம். இன்னொருவர் சென்றிருந்தால் தங்கம் வந்திராது எனலாம். 20ஆவது திருத்தத்துக்குக் கை உயர்ந்திராது என்று எவர் உறுதி கூறுவார்? அன்று கை உயர்த்திய ஏனையோர் மீது விமான நிலையக் குற்றச்சாட்டு எதுவும் இல்லையே. கோளாறு ஒப்பந்தத்திலேயே இருக்கிறது. ஓர் அபேட்சகரை அவர் பிறந்த மதத்துக்காக நாம் தேர்ந்தெடுத்தால், அவர் நமக்குச் செய்ய வேண்டிய அனைத்தையும் பிறக்கும்போதே செய்து முடித்துவிட்டார் என்பது பொருள். அதன்பின் எதைக் காட்டி அவரிடம் கணக்குக் கேட்பது? அவர் மதம் மாறவில்லை; ஆகவே வாக்குறுதி மீறவில்லை! கொள்கைக்காக வாக்குப் பெற்றவன் கொள்கையை விட்டால் துரோகி. மதத்துக்காக வாக்குப் பெற்றவன் எதை விட்டாலும் ‘நம்மவனே’. இது பிரதிநிதிக்கு நாம் எழுதிக் கொடுக்கும் நிபந்தனையற்ற உறுதி. அத்தகைய உறுதியை வைத்திருப்பவன் அதனைச் சந்தையில் மாற்றிக்கொள்வதில் வியப்பென்ன? தொங்கு பாராளுமன்றமோ, மூன்றில் இரண்டு தேவைப்படும் அரசாங்கமோ வாய்த்தால் விலை ஏறுகிறது, அவ்வளவே.

இந்நிலை முஸ்லிம்களுக்கு மட்டும் உரியதெனக் கருதுவது பெருந்தவறு. சிலாபத்துக் கத்தோலிக்க மீனவரைப் பாருங்கள். 2012 பெப்ரவரியில் எரிபொருள் விலை உயர்ந்தபோது அவர்கள் வீதிக்கு வந்தனர். 15ஆந் தேதி அவர்கள் மீது நடத்தப்பட்ட துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் இறந்தார். அவருடைய மதத்தைச் சேர்ந்த உறுப்பினர் அந்நாளில் ஆளுங்கட்சி வரிசையில் இல்லாமலில்லை. அந்த ஒற்றுமை துப்பாக்கியின் திசையை மாற்றவில்லை.

பெரும்பான்மையினரை எடுத்துக்கொள்வோம். ‘சிறுபான்மையினர் மட்டுமா மதம் பார்க்கின்றனர்? பெரும்பான்மையினர் பார்க்கவில்லையா?’ என்று நம்மிடம் கேட்பர். கேள்வி நியாயமானது. 2019 நவம்பரில் ருவன்வெலி சாயவின் முன்னிலையிற் பதவியேற்ற சனாதிபதி கோத்தாபய ராஜபக்ஷ, தம் வெற்றி சிங்களப் பெரும்பான்மையினரின் வாக்காற் கிடைத்தது என்று வெளிப்படையாகவே கூறினார். அதைவிடப் பெரிய அளவில் ‘நம்மவர்’ என்ற சொல் இந்நாட்டில் ஒலித்ததில்லை. அதன் பலன் என்ன? 2022இல் அதே சிங்கள பௌத்த வாக்காளர் எரிவாயுவுக்கும் எரிபொருளுக்கும் இரவுபகலாய் வரிசையில் நின்றனர். ஜூலையில் அவர்களே அவரை ஓட்டினர். ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாயிற்று. சிலாபம், உடப்பு, கற்பிட்டி எங்கும் வெளியிணைப்பு இயந்திரப் படகுகள் கரையில் கிடந்தன. அந்த விலை எந்தப் படகின் முகப்பிலும் சிலுவையையோ பிறையையோ சூலத்தையோ பார்த்து மாறவில்லை.

ஆயினும் இரண்டையும் ஒரே தராசில் வைத்துவிடலாகாது. பெரும்பான்மையின் ‘நம்மவர்’ அரசையே தன் சொத்தாக்கிக் கொள்கிறது. சிறுபான்மையின் ‘நம்மவர்’ அந்த அரசிடமிருந்து தப்ப ஒரு கூரை தேடுகிறது. முன்னது ஆதிக்கம், பின்னது அச்சம். ஆனால் அச்சத்திற் பிறந்தது என்பதனாலேயே ஒரு வழி சரியான வழியாகிவிடாது. தீக்குப் பயந்து கிணற்றில் விழுந்தவன் மீது இரக்கம் கொள்வோம்; கிணற்றை வீடு என்று சொல்ல மாட்டோம். அதுவன்றி, சிறுபான்மை மதத்தின் பெயரால் திரளும்போதெல்லாம், பெரும்பான்மையின் மதவாதி தன் கூட்டத்தை நோக்கி, ‘பார்த்தீர்களா, அவர்கள் ஒன்றாகிவிட்டனர்’ என்று முழங்குகிறான். இரு வியாபாரிகளும் ஒருவருக்கொருவர் விளம்பரம் செய்துகொள்கின்றனர்.

புத்தளத்தின் பழைய ஏட்டில் இன்னும் இரண்டு பக்கங்களைப் புரட்டுவோம். 1956 ஏப்ரலிற் புத்தளத் தொகுதி உறுப்பினர் எச். எஸ். இஸ்மாயில் சபாநாயகராகத் தெரிவானார். அப்பதவியேற்ற முதல் முஸ்லிம் அவரே. இரண்டே மாதத்தில், ஜூனில், அதே சபையில் தனிச்சிங்களச் சட்டம் நிறைவேறியது. தமிழே வீட்டுமொழியாகவும் பள்ளிமொழியாகவும் கொண்ட புத்தளத்து முஸ்லிம் பிள்ளைகளின் எதிர்காலத்தை அச்சட்டம் முடக்கிற்று. சபாநாயகர் நடுநிலையாளர், அவர்மீது குற்றஞ்சாட்ட நான் வரவில்லை. உயர்ந்த ஆசனத்தில் நம்மவர் இருப்பது வேறு, நம் உரிமை இருப்பது வேறு என்பதற்கே இதனைச் சுட்டுகிறேன்.

அடுத்த பக்கம் 1976. பள்ளிவாசற் படுகொலை நடந்தபோது, நாட்டின் கல்வி மந்திரி பதியுதீன் மஹ்மூத் ஒரு முஸ்லிம். ஆளுங்கட்சியில் வேறு முஸ்லிம் உறுப்பினரும் இருந்தனர். அவர்கள் வாய்மூடியிருக்க, பாராளுமன்றத்தில் அவ்விடயத்தை எழுப்பியவர் எஸ். ஜே. வி. செல்வநாயகம் என்பதை முஸ்லிம் அரசியல் வரலாறு எழுதுவோர் திரும்பத் திரும்பக் குறிப்பிட்டு வந்துள்ளனர். காங்கேசன்துறையின் உறுப்பினர்; ஒரு கிறிஸ்தவர். பள்ளிவாசலில் சிந்திய இரத்தத்துக்காகப் பேசிய அவர் அன்று யாருடைய ‘நம்மவர்’?

அவர் பெயரைச் சொன்னதால், புத்தளத்தை விட்டுச் சற்று வடக்கே நோக்குவோம். 1952இல் காங்கேசன்துறையிற் செல்வநாயகம் தோல்வியுற்றார். சைவத் தொகுதிக்குக் கிறிஸ்தவர் எதற்கு என்ற பேச்சு அவருக்கெதிராக எழுந்ததுண்டு. ஆனால் 1956 முதல் அதே சைவ வாக்காளர் மீண்டும் மீண்டும் அவரையே அனுப்பினர். இது பாராட்டத்தக்கதே. எனினும் படத்தின் மறுபாதியையும் காட்ட வேண்டும். 1968இல் அதே பகுதியின் மாவிட்டபுரம் கந்தசுவாமி கோயில் வாசலில், ஒடுக்கப்பட்ட மக்கள் ஆலயப் பிரவேசம் கேட்டு நின்றபோது கதவு அடைக்கப்பட்டது. உள்ளே நின்றோரும் சைவர். வெளியே நின்றோரும் சைவர். ஒரே திருநீறு, ஒரே தெய்வம், ஒரே மொழி. ‘நம்மவர்’ என்ற சொல் அன்று எங்கே போயிற்று? தமிழரசுக் கட்சியும் அவ்வேளையில் உறுதியான நிலையெடுக்கத் தயங்கியது. மதம் ஒன்றாயிருத்தல் கோயிற் கதவைக்கூடத் திறக்கவில்லையெனில், பாராளுமன்றக் கதவை அது எவ்வாறு திறக்கும்?

மீண்டும் புத்தளத்துக்கு வருவோம். 1990இல் வந்த அகதிகளை இம்மக்கள் வரவேற்று உணவும் இடமும் கொடுத்தது மனித வரலாற்றின் உயர்ந்த பக்கங்களில் ஒன்று. ஆனால் வருடங்கள் செல்லச் செல்ல, குடிநீருக்கும் கூலி வேலைக்கும் பாடசாலை இடத்துக்கும் நிலத்துக்கும் வந்தோர்க்கும் இருந்தோர்க்கும் இடையே உரசல் எழுந்தது. குறைந்த கூலிக்கு உழைக்கத் தயாரான அகதி ஒருபுறம், அதனால் வேலையிழந்த உள்ளூர்த் தொழிலாளி மறுபுறம். இருவரும் ஒரே பள்ளிவாசலில் ஒரே வரிசையில் தொழுதவர். அகதிகளிற் பலர் புத்தளத்தில் வாழ்ந்துகொண்டே மன்னாரில் வாக்காளராயிருந்தனர். 2019 நவம்பரில் அவ்வாறு வாக்களிக்கச் சென்ற பஸ் வண்டிகள் மீது தந்திரிமலையில் துப்பாக்கிச் சூடும் நடந்தது. உரசலுக்குக் காரணம் மதமன்று. நீரும் கூலியும் நிலமும். எனவே மதம் அதனைத் தீர்க்கவும் இயலாது.

இன்னொரு வினா. மதமே பிரதிநிதித்துவத்தின் அளவுகோலானால், உடப்பிலும் முந்தலிலும் சிதறி வாழும் இந்துத் தமிழருக்கு என்ன வழி? அவர்களின் தொகை ஓர் ஆசனத்துக்கும் போதாது. ‘நம்மவர்’ கணக்கில் அவர்கள் என்றைக்கும் பூச்சியம். எண்ணிக்கை உள்ளவனுக்கு மட்டும் கூரை தரும் தத்துவம் நீதியின் தத்துவமாகாது.

இந்தக் கரையின் உண்மையான பிரச்சினைகள் எவை? நுரைச்சோலையில் 2011 முதல் இயங்கும் அனல்மின் நிலையத்தின் நிலக்கரித் தூசும் சாம்பலும். கொழும்பின் குப்பையை அருவக்காட்டில் கொட்டும் திட்டம். இறால் பண்ணைகளால் நலிந்த வாவியும் கண்டலும். கடனில் மூழ்கிய சிறு மீனவனின் வள்ளம். குப்பைத் திட்டத்தை எதிர்த்து 2018 செப்டம்பர் முதல் புத்தளத்து மக்கள் நூறு நாட்களுக்கு மேலாகத் தொடர் சத்தியாக்கிரகம் இருந்தனர். மதகுருமாரும் மாணவரும் தாய்மாரும் அங்கே வந்தமர்ந்தனர். அப்பந்தலில் ஒலித்த ‘நாம்’ என்ற சொல்லே இலக்கண சுத்தமான ‘நாம்’. கேட்பவனை அது உண்மையாகவே உள்ளே அழைத்தது.

அப்படியானால் அபேட்சகரின் மதத்தை வாக்காளர் கருதவே கூடாதா? ஓரிடத்திற் கருதத்தான் வேண்டும். ஒருவருடைய மதத்துக்காக, அல்லது மதமின்மைக்காக, அவரைப் போட்டியிடக் கூடாதென்று எவரேனும் தடுத்தால், அவர் பக்கம் நிற்பது நம் கடமை. நாத்திகரான சார்ல்ஸ் பிராட்லோ 1880இல் பிரித்தானியப் பாராளுமன்றத்துக்குத் தெரிவானபோது, சத்தியப் பிரமாண விவகாரத்தைக் காட்டி அவரை அமரவிடவில்லை. செருப்புத் தொழிலாளர் நிறைந்த நோர்தாம்டன் நகர வாக்காளர் அவரையே திரும்பத் திரும்பத் தேர்ந்தனுப்பினர். 1886இல் அவர் அமர்ந்தார். அவ்வாக்காளர் எல்லோரும் நாத்திகரல்லர். தங்கள் வாக்கின் மானத்தைக் காத்தவர்கள்.

இந்திய உச்சநீதிமன்றம் 2017 ஜனவரியில் மதத்தின் பெயரால் வாக்குக் கேட்பது ஊழல் நடவடிக்கை என விரிவாகத் தீர்ப்பளித்தது. நால்வர் ஒருபுறம், மூவர் மறுபுறம். மாறுபட்ட நீதிபதிகள் கூறியதிலும் ஓர் உண்மையுண்டு. மதத்தாலோ சாதியாலோ ஒடுக்கப்பட்டோர் தம் துயரை மேடையிற் பேசுவதைத் தடுத்தல் ஆகாது என்பது அவர்கள் வாதம். இவ்விரண்டையும் பிரித்தறிதலே வாக்காளரின் அறிவு. ‘முஸ்லிம்களின் சடலம் எரிக்கப்படுகிறது, அதனை நிறுத்துவேன்’ என்பது அரசியல், அதனைப் பௌத்தரும் சொல்லலாம், சொல்லவும் வேண்டும். ‘நான் முஸ்லிம், ஆகவே எனக்கு வாக்களி’ என்பது அரசியலன்று, பிறப்புச் சான்றிதழ். மதம் ஒருவர் எங்கிருந்து வந்தார் என்பதைச் சொல்லும். நெருக்கடி வேளையில் எங்கே நிற்பார் என்பதைச் சொல்லாது.

இதே உரைகல்லில் இடதுசாரிகளாகிய நம்மையும் உரைத்துப் பார்க்க வேண்டும். 1956இல் ஒரு மொழியைத் திணித்தால் நாடு இரண்டாகும் என்று எச்சரித்த கொல்வின் ஆர். டி சில்வாவே 1972 அரசியலமைப்பின் சிற்பியானார். பௌத்தத்துக்கு முதன்மை இடம் வழங்கும் வாசகம் அரசியலமைப்பிற் புகுந்தது அப்போதுதான். மதச்சார்பற்றவர் என்ற பெயரும் உத்தரவாதமன்று! 2024 நவம்பரில் தேசிய மக்கள் சக்தி இம்மாவட்டத்தின் 8 ஆசனங்களில் 6ஐ வென்றது. அவர்களில் ஒரு முஸ்லிமும் பொதுப் பட்டியலிலேயே தெரிவானார். ‘நம்மவர்’ பட்டியலின்றியும் அது இயலும் என மக்கள் காட்டினர். ஆனால் அதே மாதம் அமைந்த மந்திரிசபையில் முஸ்லிம் ஒருவரும் இல்லை. தகுதி பார்த்தோம், மதம் பார்க்கவில்லை என்ற விடை போதாது. ஒரு மக்கட் பிரிவே இல்லாத மேசையில் அப்பிரிவின் துயரம் எளிதில் மறக்கப்படும். ஆகவே ‘யார் இங்கே இல்லை, ஏன் இல்லை?’ என்ற கேள்வியை அபேட்சகரிடமன்று, கட்சியிடம் கேட்க வேண்டும். கட்சி அதற்குப் பதில் சொல்ல மறுத்தால், அச்சம் மீண்டும் பழைய சந்தைக்கே திரும்பும். பழி நம்மேல் விழும்.

ஆசிரிய நண்பர்கள் வகுப்பறையில் தன்மைப் பன்மையைக் கற்பிக்கும்போது இச்சொல்லையும் எடுத்துக்கொள்ளட்டும். மாணவர் தம் ஊர் மேடைகளில் ‘நம்மவர்’ என்ற சொல் ஒலிக்கும்போது நான்கு வினாக்களை எழுப்பட்டும்: கடந்த வாக்கெடுப்புகளில் இவர் கை எந்தப் பக்கம் உயர்ந்தது? இவருடைய தேர்தற் செலவைக் கொடுத்தவர் யார்? உப்பளத்திலும் வாடியிலும் உழைப்போரின் கூலி பற்றி இவர் என்ன சொல்கிறார்? தம் மதத்தவரல்லாதவர் தாக்கப்பட்டபோது இவர் எங்கே நின்றார்? இந்த நான்கிலும் தேறியவர் எந்த ஆலயத்திற் கும்பிட்டாலும், எதிலும் கும்பிடாவிட்டாலும், அவர் நம்மவர். தேறாதவர் நம் பக்கத்து வீட்டில் பிறந்து, நம் பள்ளியில் ஓதி, நம் மொழியிற் பேசினாலும், அவருக்கு நாம் அந்நியரே. வாக்குச் சீட்டுள்ள அந்நியர்.